ஐயா திருத்தாத இதழ்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேண்டுமானால் வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் மிஷன் அலுவலகத்தில் இயக்குநர் ஐயா திருத்தாத காகிதமே கிடையாது. டிரைவரின் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சலைத் தலைவலி என்று திருத்தியவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய அன்று, பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

"இனிமே நம்ம மாதப் பத்திரிகைக்கு நீங்கதாம்மா ஆசிரியர். என்கிட்ட காட்டவே வேண்டாம்."

"விளையாடாதீங்க ஐயா. ஒரு தப்பு வந்தாலும் என்னை விலாசம் ஒட்ட உக்கார வச்சிருவீங்க."

"வந்தா வரட்டும்மா. கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த தாலந்தை இத்தனை வருஷமா நான்தான் பூட்டி வச்சிட்டேன்."

அக்கா துணிந்து இறங்கினார். முதல் பக்கத்திலிருந்த ஐயாவின் படத்தை எடுத்துவிட்டு, விடுதிச் சமையல்கார அம்மாவின் ஜெபத்தைப் போட்டார். ஐயாவின் நான்கு பக்கச் செய்தியை நான்கு வரியாக்கினார். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இதழுக்கான காகிதக் கட்டோடு ஐயாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"ஒரே ஒரு தடவை பாத்துடறீங்களா ஐயா?"

ஐயா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"சீக்கிரம் அச்சகத்துக்கு ஓடுங்கம்மா, என் மனசு மாறுறதுக்குள்ள!"

அக்கா ஓடினார். அந்த இதழைப் பாராட்டி முந்நூறு கடிதங்கள் வந்தன. அக்காவே ஆசிரியராக நிலைத்துவிட்டார். அன்றிலிருந்து ஐயா ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட்டதில்லை.

அக்கா கேட்டதால் அவருடைய பத்திரிகைக்கு இதை எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் இயக்குநர் ஐயா இதில் பதினோரு இடங்களைத் திருத்தினார்.