துண்டுக்கடியில்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தை. தரகர் பாவா தோள் துண்டை உதறி, வலது கையின் மேல் போட்டு ஆனந்தகுமாரிடம் நீட்டினார். ஆனந்தகுமாரும் துண்டுக்குள் கையை விட்டார். பாவா அவர் விரல்களைப் பிடித்து அழுத்தி, வாய் திறக்காமல் ஓர் எண்ணைச் சொன்னார்.

"நம்பற மாதிரி இல்லீங்களே, பாய்."

"பல்லைப் பார்த்துக்கங்க. ஒண்ணுகூட ஆடலை."

"பல்லை வெச்செல்லாம் முடிவு பண்ண முடியாதுங்க. நான் சொல்றதுதான் சரி." ஆனந்தகுமார் பதிலுக்கு அழுத்தினார்.

பாவா ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேனுங்க."

பாவாவின் முகம் மலர்ந்தது. "அப்ப முடிச்சுக்கலாம்."

பக்கத்தில் நின்ற இன்னொரு தரகர் செங்கோட்டையன் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏனுங்க பாய், மாட்டைக் காணோம்?"

"மாடு இல்லீங்க, நான்தான். பென்ஷன் திட்டத்துல இனி நம்மளையும் சேர்க்கறாங்களாம். சேர்க்க வந்த இந்த சார் வயசு கேட்டாரு. சந்தைக்குள்ள நம்பரை வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லையே. நல்லவேளை, சாரும் தரகர் வீட்டுப் பையன். அறுபது தாண்டியிருந்தா சேர முடியாதாம். பயந்துட்டே குறைச்சு அழுத்தினேன். ஆதார்படி இன்னும் தாண்டலையாம்."

செங்கோட்டையன் அவசரமாகத் தன் துண்டை உதறிக் கையை நீட்டினார்.

"சார், எனக்கும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க."