டர்போ ஆறும் நேரம்

கார் எஞ்சினின் டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் சூட்டில் கருகி வெடித்திருந்தது. மெக்கானிக் ரங்கதுரை புதுக் குழாய்கள் இரண்டை எட்வினிடம் காட்டினார். ஒன்று பழைய மாதிரி. மற்றது வெப்பம் தாங்கும் உறை போட்டது.

"இதப் போட்டுக்கலாம் சார். வீட்டுக்குப் போனதும் டக்குனு ஆஃப் பண்ணிரலாமுங்க. டர்போ ஆறட்டும்னு ஒரு நிமிஷம் எஞ்சின ஓடவிட்டு, உள்ளயே உக்காந்து தியானம் பண்ண வேண்டியதில்ல."

எட்வின் சிரிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் மனைவி பவுலின் பேசுவாள். வழியெல்லாம் தூங்கி வருபவள், வாசலுக்கு வந்ததும் ஏதாவது கதையைத் தொடங்குவாள். அவர் சாவியைத் தொட்டால், "இருங்க, இன்னும் ஆறல" என்று கையைத் தட்டிவிடுவாள். அவள் இறந்த பிறகும் அவர் அந்த நிமிடத்தைக் குறைத்ததில்லை.

"பழைய மாதிரியே போடுங்க."

"இதுவும் கருகிப் போகுமுங்க. மறுபடி வந்து என்னையத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

அன்று மாலை எட்வின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வீடு பூட்டியிருந்தது. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையின் பக்கம் தலையைச் சாய்த்து, "அப்புறம்?" என்றார்.