நீலக் கல்லறை
மக்தலேனா ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் காலை வெயில். ஐம்பது வருடத்துக்கு முன் கத்திக்குத்தோடு மிதந்து வந்த, பெயர் தெரியாத பெண்ணின் கல்லறைக்கு ஃபனோரி நீல வண்ணம் பூசுகிறாள். அநாதைப் பிணங்களைத் தத்தெடுக்கும் ஊர் வழக்கப்படி அவளைத் தத்தெடுத்து, மிலாக்ரோஸ் என்று பெயர் வைத்து, மூன்று முறை கல்லைத் தட்டி வேண்டுதல் சொல்லிவருகிறவள் இவள். ஓய்வுபெற்ற தபால்காரர் எலியேசர் பழைய செய்தித்தாளை நீட்டுகிறார். “இவ யாருன்னு தேடி பதினோரு வருஷம் அலைஞ்சேன். கொன்னவன் யாருன்னு தெரியல. ஆனா இவ பேரு எர்சிலியா.” “ஐயோ, இத்தனை நாளா வேற பேரைச் சொல்லியா கூப்பிட்டேன்? அப்பவும் கேட்டதெல்லாம் குடுத்தாளே!” “இவ தங்கச்சி உயிரோட இருக்கா. சனிக்கிழமை எலும்பைத் தோண்டியெடுத்து, இவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போக வர்றா.” தூரிகையிலிருந்து நீலம் ஃபனோரியின் செருப்பில் சொட்டுகிறது. மீதிப் பக்கத்தையும் குனிந்து பூசி முடிக்கிறாள். பிறகு ஈர வண்ணத்தின் மேலேயே மூன்று முறை தட்டுகிறாள். “எர்சிலியா, உன் தங்கச்சி வர்றாளாம். அழுதுறாதடி.”