நகத்தூள்

சௌரிராஜன் மனைவியின் மலையேறும் தடியில், கை வழுக்காமலிருக்க, பிடிக்கும் இடத்தில் பசை தடவித் தூள் தூவிக் காயவைத்திருந்தான்.

“மணல் தோலைக் கிழிக்கும். மரத்தூள் நனைஞ்சா ஊறிடும். நகத்தூள்தான் நிக்கும், கோமளா. கால்நகம் இன்னும் கெட்டி.”

“கருமம்! யார் நகம்?”

“ஆறு மாசம் சேர்த்தேன். நம்ம ரெண்டு பேரோடது பத்தலை.”

“மீதி?”

“சொன்னா பிடிக்கமாட்டே.”

தடியில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் மலை ஏறினாள். இறங்கும்போது மழை. பாறையில் கால் சறுக்கியது. பிளவில் ஊன்றிய தடி அசையவில்லை. ஈரத்துணியோடு அவள் கைதான் நழுவியது. கீழே பள்ளம். துணியை உதறிவிட்டு வெறுங்கையால் பற்றினாள். அத்தனை பேர் நகத்தூளும் உள்ளங்கையில் பதிந்தது.

“வழுக்கலையே?” என்று மேலிருந்து சௌரிராஜன் ஆவலாகக் கேட்டான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.