பதினோராவது வரி

"பழைய தாளேதான்ப்பா. கிழிஞ்சுபோச்சேன்னு புதுசா டைப் அடிச்சேன். கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள் சோர்னிட்சா.

"முதல்ல ஒரு காபி கொண்டு வா. கையெழுத்து எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார் அர்கிர்.

அவள் காபியோடு திரும்பியபோது தாள் நான்காக மடிந்திருந்தது. அப்பாவின் பச்சை மைப் பேனா சட்டைப்பைக்குப் போய்விட்டது. தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேலங்கிக்குள் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பல்கேரியாவின் பிளோவ்திவ் பழைய நகரத்தில் அர்கிரின் விடுதிக்கு ஆறே அறைகள்தான். பேரெல்லாம் அந்தப் பத்து வரித் தாளுக்கு. வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர் எவருக்கும் அதைக் காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுப்பார். கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்டாதே, சக்கரம் போய்விடும். ராக்கியாச் சாராயத்தை ஒரே மடக்கில் கவிழ்க்காதே, காய்கறித் தட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சு. பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடு, இரட்டைப்படை கல்லறைக்கு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி: இந்த ஊரில் தலையை இடவலமாக ஆட்டினால் சம்மதம்; மேலும் கீழும் ஆட்டினால் மறுப்பு.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரி பொய்த்ததில்லை. ஒருமுறை தாளில் சொல்லியிருந்த ரொட்டிக்கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு வாரமும் அர்கிரே விடியுமுன் எழுந்து விருந்தாளிகளுக்குப் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா சுட்டார். "தாள்ல வந்துட்டா அது என் வாக்கு" என்பார்.

அந்தத் தாளை நம்பி மூன்று நாள் தங்க வந்த டச்சுக்காரன் யோஸ்ட், எட்டு மாதமாகியும் ஊர் திரும்பவில்லை. இங்கேயே ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். காரணம் சோர்னிட்சா என்பது தெருவுக்கே தெரியும். நல்ல பையன்தான். ஆனால் எதிர்க்கடை மனோலிடம் செம்புக் காபிச்சட்டி வாங்கினான் பாருங்கள், அங்கேதான் கெட்டது. மனோல் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தான். மனோல் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். அர்கிருக்குப் போகிற இடமெல்லாம் அதே கேலி.

பொறுக்காமல் ஒருநாள் மனோல் கடை வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்: "அந்தப் பையன் பொண்ணு கேட்டு வரட்டும். இந்தத் தெரு முன்னாலேயே முடியாதுன்னு தலையாட்டுறேனா இல்லையா பாரு."

அர்கிர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து சோர்னிட்சாவுக்குத் தூக்கமில்லை.

புதுத்தாளில் கையெழுத்தான அன்று மாலையே யோஸ்ட் வந்தான். கையில் ரோஜாக்கள். அர்கிர் எண்ணிப் பார்த்தார், ஏழு. பூவை வாங்கிக்கொண்டார். எதிரே மனோல் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கடைகளிலும் வியாபாரம் நின்றது.

யோஸ்ட் தனக்குத் தெரிந்த அரைகுறை பல்கேரியத்தில், உங்கள் மகளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் தருவீர்களா என்று கேட்டான்.

அர்கிர் எதிர்க்கடையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை, தெருக்கோடி வரை தெரியும்படி.

மனோல் தொடையைத் தட்டிச் சிரித்தார். யோஸ்டோ பாய்ந்து வந்து அர்கிரைக் கட்டிக்கொண்டான்.

"தம்பி, முதல் வரியை மறந்துட்டியா?" என்றார் அர்கிர், அவன் பிடியிலிருந்து விடுபட்டபடி.

"மறக்கல ஐயா. பதினோராவது வரியையும் மறக்கல" என்று, சோர்னிட்சா கொடுத்திருந்த புதுத்தாளைப் பையிலிருந்து எடுத்துச் சத்தமாகப் படித்தான்: "இந்த வீட்டு வாசலில் மட்டும், விருந்தாளிகள் குழம்பாமல் இருக்க, மேலும் கீழும் ஆட்டினால் சம்மதம். வீட்டுக்காரர் பிறகு மாற மாட்டார். இப்படிக்கு, அர்கிர்."

மனோலின் சிரிப்பு பாதியில் நின்றது.

அர்கிருக்கு முகம் சிவந்துவிட்டது. திருடி, வஞ்சகி என்று மகளைத் தெரு கேட்கத் திட்டித் தீர்த்தார். மனோலால்கூடத் தன் தலையில் ஒரு ஓட்டைச் சட்டியைக் கட்ட முடிந்ததில்லை, பெற்ற பெண் ஒரு மருமகனையே கட்டிவிட்டாளே என்று புலம்பினார். கடைசியில் எதிர்க்கடைப் பக்கம் திரும்பி, "கையெழுத்துப் போட்டுத் தொலைச்சுட்டேனே மனோல், இனி நான் என்ன செய்ய முடியும்?" என்று கைகளை விரித்தார்.

மனோல் தெருவைக் கடந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "விடுப்பா. நீ உன் வார்த்தைப்படி தலையாட்டினதை நாங்க எல்லாரும்தான் பார்த்தோமே. பொண்ணு உன்னை ஏமாத்திட்டா, அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்று தேற்றிவிட்டு, ராக்கியா எடுத்துவரத் தன் கடைக்குப் போனார்.

அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்று சோர்னிட்சாவுக்குக் கண் கலங்கியது. யோஸ்டிடமிருந்து வாங்கிய தாளைச் சுவரில் மாட்டுவதற்காக அப்போதுதான் தானே பிரித்துப் பார்த்தாள்.

அவசரத்தில் அவள் பதினோராவது வரியில் ஓர் எழுத்தை விட்டிருந்தாள். 'சம்மதம்' என்ற சொல்லில் விட்டுப்போன அந்த எழுத்து, பச்சை மையில் அழகாகச் சேர்க்கப்பட்டிருந்தது.