பொருந்தும் தூரம்

கிரகணம் தொடங்கி, நிலா சூரியனின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியபோது அவளுடைய கணவர் மொட்டைமாடித் தொட்டியின் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அது ஒழுகவில்லை. ஆனாலும் இறுக்கினார்.

கப்பலின் எஞ்சின் ரூமில் அரை ஆயுளைக் கழித்த கைகள். வீட்டோடு இருக்கிற இந்த இரண்டு மாதத்தில் எல்லாக் குழாய்களையும் எல்லா டப்பா மூடிகளையும் இறுக்கிவிட்டிருந்தன. உப்பு டப்பாவைத் திறக்கக்கூட அவள் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

சாப்பிடும்போது இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்துக்கொள்வார், மேஜை எந்த நேரமும் சாய்ந்துவிடும் என்பதுபோல. இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை வேறு. துண்டு எங்கே என்று அவர் கேட்டால் நான்கு மாடியும் சேர்ந்து துண்டைத் தேடும்.

"அண்ணன் வீட்டுக்குள்ளயே கப்பல் ஓட்டுறாரு" என்பாள் மேல்வீட்டு டீச்சர்.

அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

கடலிலிருந்து போனில் பேசியவர் வேறு ஆள். அந்தக் குரலைக் கூட்டலாம், குறைக்கலாம். மகளுடைய காய்ச்சலை அது தணிந்த பிறகே அவள் அவரிடம் சொல்வாள். கடல் கொந்தளித்ததை அது அடங்கிய பிறகே அவர் சொல்வார். இத்தனை வருடமும் இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல செய்தியாகவே இருந்து பழகிவிட்டார்கள்.

கப்பல் கம்பெனி கடைசியாக ஒருமுறை கூப்பிட்டிருந்தது. இன்று மதியத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். போகிறாரா, இல்லையா என்று அவர் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால், தனக்கு என்ன வேண்டும் என்பது தனக்கே தெரிந்துபோய்விடும் என்று பயந்தாள்.

டீச்சர் அட்டைக் கண்ணாடியை நீட்டினாள்.

"நிலாவ விட சூரியன் நானூறு மடங்கு பெருசுக்கா. ஆனா நானூறு மடங்கு தள்ளி நிக்குது. அதான் அளவெடுத்துத் தச்ச மாதிரி மூடுது."

"நிலா கொஞ்சம் கிட்ட வந்துட்டா?"

"அப்பவும் மூடும். ஆனா சுத்தி ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அதையும் சேத்து முழுங்கிடும். தள்ளிப் போனா மூடவே மூடாது." பிறகு பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள்: "நிலா வருஷா வருஷம் துளித்துளியா தள்ளிப் போயிட்டுதான் இருக்கு. பொருந்துற காலமாப் பாத்து நாம பொறந்துட்டோம்."

கிட்ட வந்தால் முழுங்கிவிடும். அவள் அதை இனிப்புபோல வாய்க்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை யாரோ வானத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். இதில் யார்மேலும் குற்றமில்லை. தூரத்தின் கணக்கு, அவ்வளவுதான்.

வெயில் சாயம் போன துணிபோல வெளுத்தது. கொடியின் நிழல் கத்தி கீறியதுபோலத் தரையில் விழுந்தது. காற்று குளிர்ந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

கடைசித் துளி வெளிச்சமும் அணைந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி, தண்ணீரில் அவிழ்த்துவிட்ட நரைத்த கூந்தல்போல ஒரு வெண்மை. இவ்வளவு நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அப்போது அவர் பேசினார். மெல்ல. அப்படியொரு குரல் அவரிடம் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

"நான் போகட்டுமா?"

அவளுக்கு நன்றாகவே கேட்டது. எதைக் கேட்கிறார் என்பதும் புரிந்தது. வாய்வரை ஒரு பதில் வந்தது. வேண்டாம் என்பதா, சரி என்பதா என்று பார்க்கும் முன்பே அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

"பேசாம பாருங்களேன். இப்ப போயிடும்."

அவர் வானத்தைப் பார்த்தாரா, அவளைப் பார்த்தாரா, தெரியாது. அவள் திரும்பவில்லை.

கறுப்பின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது. மாடிக்கு மாடி கைதட்டினார்கள். அவள் திரும்பியபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து அவர் போனில் பேசும் குரல் வந்தது, பழைய சத்தத்தில், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.

"நேத்து சொன்னத விட்ருங்க சார். வர்றேன். ஆமா, உறுதியாத்தான். வர்றேன்."

அவள் உடம்பு லேசானது. அழுகை வரப்போகிறது என்று நினைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. வந்தது நிம்மதி என்று புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். டீச்சரின் முகத்தில் கைதட்டியபோது இருந்த சிரிப்பு இல்லை.

"என்னக்கா, வர்றேங்கிறாரு? நேத்தே கம்பெனிக்கு வேணாம்னு சொல்லிட்டாரே. எங்க ஸ்கூல் பம்ப் ரூம்ல திங்கக்கிழமை சேரணும். ஒரு வாரமா என் பின்னாடியே அலைஞ்சு வாங்கின வேலை." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கிரகணத்துல இருட்டானதும் நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காதம்மான்னாரு. சொல்லலையா?"

வெளிச்சம் மறுபடி கண்ணைக் கூசத் தொடங்கியிருந்தது. மாடியில் எல்லோரும் அட்டைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

"சொல்லல. போகட்டுமான்னு கேட்டாரு" என்றாள் அவள்.