எழுத்து கம்மியா ஒரு கேம்

"எழுத்து கம்மியா இருக்கிற கேமா வேணும் தம்பி. ஆனா கதை நல்லா இருக்கணும்."

கழுத்தில் மப்ளர் சுற்றிய அந்த ஐம்பது வயதுக்காரர் ரகசியம் போலக் கேட்டார். கேம் கடை விற்பனையாளன் உதட்டைச் சுழித்தான். கதை சொல்லும் கேம் என்றால் எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள். கல்லாவில் இருக்கும் அக்கா அவனுக்கு வைத்த பெயரே ‘கதைக்கடல்’.

"கதைன்னா ‘சாம்பல் கோட்டை’தான் சார். நூறு மணி நேரம். நீங்க எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் கதை மாறும். எல்லாம் திரையில எழுத்தா வரும், நாமதான் படிச்சுக்கணும்."

"‘ஓடக்காரி’ எப்படி?"

"அது முப்பது மணி நேரம். எல்லாத்தையும் வாயாலேயே பேசிடுவாங்க. படிக்கச் சோம்பல்படுறவங்களுக்கு ஓகே."

பின்னால் நின்ற கல்லூரிக் கும்பல் சிரித்தது. அவருடைய காது மடல் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை.

"நடுநடுவுல நம்மள பதில் தேர்ந்தெடுக்கச் சொல்லுமே, அதையும் வாசிச்சுக் காட்டுமா?"

"காட்டும், காட்டும். சோறு ஊட்டி விடுறது ஒண்ணுதான் பாக்கி!"

கும்பல் இன்னும் பலமாகச் சிரிக்க, கதைக்கடலுக்குத் தலைகால் புரியவில்லை. "பேசாம ‘சாம்பல் கோட்டை’ய எடுத்துட்டுப் போங்க சார். நாலு வரி படிச்சா தேஞ்சா போயிடுவீங்க?"

"அது முடிச்சாச்சு தம்பி. மூணு தடவை." குரல் கரகரத்தது. "மணிக்கூண்டுல அந்தத் தளபதியை மன்னிச்சா ஒரு முடிவு, மன்னிக்காம விட்டா இன்னொண்ணு. உங்களுக்கு எது பிடிச்சுது?"

சுருக்கென்றது அவனுக்கு. அந்த ஆட்டத்தில் அவன் பதினாறு மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. மணிக்கூண்டைக் கண்ணால் கண்டதில்லை. மற்றதெல்லாம் யார் யாரோ எழுதிய விமரிசனம்.

"ரெண்டுமே... நல்லாத்தான் இருக்கும்" என்று மென்று விழுங்கினான்.

கும்பலில் ஒருத்தி ‘க்ளுக்’கென்றாள். கல்லா அக்கா அவசரமாகக் குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினாள்.

மானம் போன எரிச்சலில் அவன் டெமோ திரையில் ‘ஓடக்காரி’யைத் தட்டிவிட்டு ஹெட்போனை நீட்டினான். ஆற்றின் மேல் விடிந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு ஓடம் வந்தது. பார்த்துப் பார்த்துத் தீட்டிய அந்தக் காட்சியின் முன்னால், மனிதர் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"பார்த்தீங்களா, நின்னுக்கிட்டே தூக்கம்!" என்றான் கும்பலிடம். விட்ட மானத்தை எப்படியாவது பிடித்துவிட வேண்டும்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றி, வயரை மடித்து, பதவிசாக மேஜையில் வைத்தார். "போதும் தம்பி. பார்க்காமலேயே புரியுது. இதையே குடுங்க."

பெட்டியைக் கொடுக்கும்போதாவது அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அடுத்து கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருக்கும்போதுகூட அவனுக்கு முகம் சுடுகிறது.

"அத்தனை எழுத்தையும் மூணு தடவை படிச்ச ஆளுக்கு, இப்ப மட்டும் என்ன சார் சோம்பல்?"

அவர் கோபப்படவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மப்ளரைத் தளர்த்தினார். தொண்டைக்குழியில் வெள்ளைப் பிளாஸ்திரி.

"கண்ணு தெரியாத என் பொண்டாட்டிக்கு அத்தனையும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன் தம்பி, நாளைக்கு ஆபரேஷன்ல என் குரலை எடுக்கிறாங்க."